ஊருணியைச் சுற்றி ஒரு பூங்கா

சிவமயம்

அன்பு மகனுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலமும் மருமகள், பேரப்பிள்ளைகள் நலமும் அறிய ஆவல்.

ஊருணிப் பூங்காவுக்கு நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். நடைபாதை, விளக்கு, ஊஞ்சல் எல்லாம் இருக்கின்றன, ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் இல்லை. முதல் பணம் அதற்குத்தான் போகவேண்டும், அப்பு.

வற்றாத ஆறு இல்லாத சீமை நம் செட்டிநாடு. அதனால்தான் ஓட்டுக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் தெருக்கால் என்னும் தெருவோர வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும்படி வாட்டம் பார்த்து ஊரையே அமைத்தார்கள். 5,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 23,000 லிட்டர். ஒரு தெருவுக்கு எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுப் பார். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் இந்த நீர்வழி படுவதே இல்லை.

இப்போது தெருக்கால்களில் சமையலறைக் கழிவுநீர் ஓடுகிறது. அதைத் தனிக் குழாயில் பிரிக்காமல் தூர்வாரினால், ஆகாயத்தாமரை மறுபடியும் மூடிக்கொள்ளும். வாய்க்கால் ஊருணியில் சேரும் இடத்தில் ஒரு வண்டல் தொட்டியும், முதல் மழையின் அழுக்கை வெளியே திருப்பிவிட ஒரு பலகை மதகும் வை.

தூர்வாரும்போதுதான் பெரிய கேடு நடக்கும். வண்டலுக்குக் கீழே இருக்கும் களிப்படலம்தான் தண்ணீரைத் தாங்குகிறது. இயந்திரத்தை இறக்கி ஆழமாகத் தோண்டினால் அது உடையும். கார்த்திகையில் நிரம்பியது தைக்குள் கீழே இறங்கிவிடும். நாலு இடத்தில் கையால் குழி பறித்து, வண்டல் எங்கே முடிகிறது என்று அளந்த பிறகே இயந்திரம் வரட்டும். அதற்காகத் தரையில் சிமெண்டு போட்டுவிடாதே. பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்று நின்றுவிடும். அள்ளிய வண்டலை மரக்குழிகளுக்குப் போடலாம்.

கரையில் ஆலும் அரசும் வேண்டாம், வேர் செம்பூரான்கல் படியைப் பிளக்கும். புங்கையும் வேம்பும் கரையை விட்டுத் தள்ளி வை. சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் துளிர்த்துவிடும். தூரோடு பெயர்க்க வேண்டும்.

ஊஞ்சலுக்கு 8 அடி உயரச் சட்டம் என்றால் முன்னும் பின்னும் 16 அடி வெற்றிடம் விடு. கீழே ஒரு அடி ஆழத்துக்கு மணல், சிமெண்டுத் தரை கூடவே கூடாது. நடைபாதை 6 அடி போதும். கழிப்பறையை ஊருணிக்கு நீர் வரும் பக்கத்தில் வைக்க வேண்டாம், மிகுநீர் வழிந்து வெளியேறும் கலிங்குக்கு அப்பால் பள்ளப் பக்கம் வை. அடுத்த கண்மாய்க்குப் போகும் வாய்க்காலையும் அது தொடக்கூடாது.

தூர்வாரல் சித்திரையில் தொடங்கி ஆனிக்குள் முடிய வேண்டும். அதனால் திருத்திய வரைபடத்தை மாசிக்குள் அனுப்பிவை.

அன்புடன்,
அப்பச்சி