ஓட்டை விழுந்த பிளாக்கும் உன் ஐந்து இன்ஜின்களும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. முதல் பக்கம் முழுக்க எல்லோர் நலமும் விசாரித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் துக்கச் செய்தி சொல்வதுபோல எழுதியிருந்தாய்: உன் டாட்சன் 240இசட் ஸ்போர்ட்ஸ் காரின் எல்24 இன்ஜினில், நாலாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற தண்டு) பிளாக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்று. அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. போட்டோவையும் பார்த்தேன். ஓட்டை வழியாகக் கிராங்க் தெரிகிறது. பாவம், 1972-இல் இருந்து உழைத்த இன்ஜின்.

இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால்தான் மக்கர் செய்கிறது. வண்டிக்கு அடியில் படுத்தால் எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டும். உன் கதையைச் சொன்னதும் என் மகள், "மோட்டாரும் பேட்டரியும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் அப்பா, ஆயில் ஒழுகாது" என்றாள். நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. அவள் சொன்னதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதற்குப் பதிலாகப் போட ஐந்து இன்ஜின் எழுதி, எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். நம் காரின் அரிய வகையான இசட் 432-இல் வந்த எஸ்20 என்பது உன் இளமைக் கனவு, எனக்குத் தெரியும். சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட். அந்த 432 என்ற எண்ணே அதைத்தான் குறிக்கிறது. ஆனால் அந்தக் கார்களே சில நூறுதான் செய்தார்கள். அந்த இன்ஜின் தனியாகக் கிடைத்தாலும் அதற்குப் பொருத்தமான இடம் இன்னொரு 432-தான். அதை அடித்துவிடு. பெரிய அமெரிக்க வி8-ஐயும் அடித்துவிடலாம். அலுமினியம் பிளாக், நினைப்பதைவிட எடை குறைவு, சக்தி கொட்டிக் கிடக்கிறது, எல்லாம் உண்மை. ஆனாலும் அந்த நீள மூக்கைத் திறந்தால் ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்க வேண்டும். இது என் பிடிவாதம். நியாயமான காரணம் கேட்காதே.

மிச்சம் மூன்று. ஆர்பி25 டர்போ, எஸ்ஆர்20 டர்போ, எல்28. மூன்றும் நிசான் இன்ஜின்தான்.

ஆர்பி25 பற்றி நான் உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன். என் மஞ்சள் 240இசட்டில் அதைப் போட்டேன், இரண்டு வருஷத்தில் விற்றுவிட்டேன். பண முடை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். எனக்கு அந்த வண்டியை ஓட்டப் பிடிக்காமல் போய்விட்டது.

இன்ஜின் மேல் ஒரு குறையும் இல்லை. நிசானின் ஆர்33 ஸ்கைலைன் காரிலிருந்து எடுத்தது, கம்பெனிக் கணக்கிலேயே 250 குதிரைத்திறன். நம் எல்24-க்கு விளம்பரத்தில் போட்டதே 151-தான். இன்ஜினை உள்ளே இறக்கியது ஒரு வார வேலை. அதற்குப் பிறகுதான் தொடங்கியது. புது வயரிங், புது இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்). ரேடியேட்டர் போதவில்லை, மாற்றினேன். முன்னால், டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் வைக்கத் தகடு வெட்டினேன். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற கார்டன் ஷாஃப்ட்டின் நீளம் ஒத்துவரவில்லை. பிறகு ஒருநாள் இரண்டாம் கியரில் கொஞ்சம் அழுத்தினேன், பின்னால் ஆர்180 டிஃபரென்ஷியல் பல்லைக் கொட்டிவிட்டது. அந்த 180 என்பது அதற்குள் இருக்கிற பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலின் விட்டம், மில்லிமீட்டரில். அதைவிடப் பெரிய ஆர்200 தேடிப் போட்டேன். அது உடையவில்லை, ஆனால் இப்போது ஆக்சில் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் உடைந்தது. ஓடுவதற்கு இவ்வளவு கொடுத்துவிட்டு நிறுத்துவதற்குப் பழைய பிரேக்கே போதுமா? அதையும் மாற்றினேன். வரிசை முடியவே இல்லை.

எல்லாம் முடிந்து ஓடியபோது வேகம் பயங்கரம்தான். ஆனால் 1969-இல் வெளிவந்த மெல்லிய தகட்டு உடம்பு அது. டர்போ பிடிக்கிற நேரத்தில் உடம்பே முறுக்கிக்கொள்கிற மாதிரி இருக்கும். கை இரண்டும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே வீடு வந்து சேர்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா ஒரு சுற்று போகலாம் என்று தோன்றவே இல்லை. அதுதான் விற்றேன். இவ்வளவு நாள் கழித்துச் சொல்கிறேன், திட்டாதே.

எஸ்ஆர்20 இதைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு. பிளாக்கும் அலுமினியம், நான்கே சிலிண்டர் என்பதால் மூக்கு இலேசாகி வண்டி நன்றாகத் திரும்பும். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். 1998 சிசியில் டர்போவோடு 205 குதிரைத்திறன் தந்தார்கள். வயரிங் தலைவலி மட்டும் அதே தலைவலி. உனக்குச் சத்தம் பெரிதில்லை என்றால் இதைப் போடலாம். ஆனால் உனக்குச் சத்தம்தானே பெரிது! ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய், 4000 ஆர்பிஎம் தாண்டும்போது அந்த இரண்டு கார்புரேட்டரும் காற்றை உறிஞ்சுகிற சத்தத்துக்காகவே இந்த வண்டியை வாங்கினேன் என்று.

அதனால் என் ஓட்டு எல்28-க்கு. பயந்து சொல்லும் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. எல்24 எப்படி வந்தது என்று யோசித்துப் பார். டாட்சன் 510-இன் எல்16-ஐ எடுத்து, அதே 83 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), அதே 73.7 ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), இரண்டு சிலிண்டர் சேர்த்தார்கள். 1595 சிசி, 2393 ஆனது. எல்28-இல் போர் 86, ஸ்ட்ரோக் 79, மொத்தம் 2753 சிசி. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி, அடையாளம் தெரியாது. அதே மவுண்ட், அதே கியர்பாக்ஸ், அதே உன் கார்புரேட்டர். தகடு வெட்ட வேண்டாம், வயர் ஒன்று கூட மாற்ற வேண்டாம். 360 சிசி கூடுதல் என்பது காகிதத்தில் சின்ன விஷயம். மேடு ஏறும்போது கியர் மாற்றாமல் ஏறுவாய், அப்போது தெரியும். உறுதியைப் பற்றியும் கவலைப்படாதே, ஏழு மெயின் பேரிங். இதன் தம்பியான எல்24-ஐ வைத்துக்கொண்டுதான் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 1971-இல் எட்கர் ஹெர்மானும், 1973-இல் உன் பெயர்க்காரர் சேகர் மேத்தாவும் 240இசட்டில் ஜெயித்தார்கள்.

எந்த எல்28 என்பதில்தான் கவனம் வேண்டும். எஃப்54 என்று எண் போட்ட பிளாக்கும் பி79 என்று எண் போட்ட சிலிண்டர் ஹெட்டும் சேர்ந்தே வந்த, 1981 முதலான 280இசட்எக்ஸ் (நம் காரின் பிந்தைய மாடல்) இன்ஜின் கிடைத்தால் எடு. தட்டையான பிஸ்டன், 8.8 கம்ப்ரஷன், சாதாரணப் பெட்ரோலில் ஓடும். என்42 ஹெட்டை அதன்மேல் வைத்தால் கம்ப்ரஷன் ஏறும், பவர் வரும் என்று யாராவது சொல்வார்கள். பவர் வரும்தான், கூடவே வெயில் நாளில் இன்ஜின் தட்டவும் செய்யும். உன் பழைய இ88 ஹெட்டை மாட்டலாமா என்று கேட்டாயே, அதுவும் வேண்டாம். எல்24-இன் இன்டேக் வால்வு 42 மில்லிமீட்டர், எல்28-இன் வால்வு 44. பெரிய இன்ஜினுக்குச் சின்ன மூக்கு எதற்கு? டீசல் எல்டி28-இன் 83 மில்லிமீட்டர் கிராங்க்கைப் போட்டு, 89-க்குப் போர் அடித்து 3.1 லிட்டர் ஆக்குகிற கதையும் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் வண்டி ஓடட்டும்.

வாங்கும்போது ஏமாறாதே. நான் ஒருதடவை ஏமாந்தேன். 80,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று விற்றவர் சத்தியம் செய்தார். கொண்டுவந்து வால்வு கவரைத் திறந்தால் கேமுக்கு எண்ணெய் தெளிக்கிற குழாய் அடைத்துப்போய், வால்வைத் தள்ளுகிற இரண்டு லோப் (கேமின் புடைப்பு) தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தது. ஐந்து நிமிஷ வேலை, அங்கேயே திறந்து பார்த்திருக்கலாம். அதனால் கவரைத் திறக்க விடாதவரிடம் வாங்காதே. ஸ்டார்ட் ஆகிற நிலையில் இருந்தால் சூடாக்கி, ஆறு பிளக்கையும் கழற்றி, இக்னிஷனை நிறுத்தி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன் பார். எண் எவ்வளவு என்பதைவிட ஆறும் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த ஓட்டையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பார். ஏறினால் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். செடானிலிருந்து எடுத்த இன்ஜின் என்றால் சம்ப் (அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டி) உன் வண்டியின் முன் குறுக்குச் சட்டத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்.

அப்புறம் கிளட்ச். இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். கிளட்ச்சின் பிரஷர் பிளேட்டுக்கு ஏற்ற நீளத்தில், அதைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங்கின் காலர் வேண்டும். புது கிளட்ச்சுக்குப் பழைய காலரை மாட்டினால் ஒன்று கிளட்ச் பிரியாது, இல்லை முழுசாகப் பிடிக்காது. கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். இரண்டையும் ஜோடியாகவே எடு. 280இசட்எக்ஸின் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்பையும் சேர்த்துத் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளாதே. அது இன்ஜெக்ஷனுக்கானது. உன் கார்புரேட்டரின் மிதவை ஊசி மூன்று நான்கு பிஎஸ்ஐதான் தாங்கும். இது அதைப்போலப் பத்து மடங்கு அழுத்தும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற இன்னொரு ஊசியை மட்டும் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக விடுகிற மாதிரி மாற்ற வேண்டியிருக்கும். அதை இன்ஜின் ஓடிய பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

ஹெட்டைக் கழற்றுகிற நிலை வந்தால் டைமிங் செயினுக்கு நடுவில் மர ஆப்பை வைக்க மறக்காதே. மறக்க மாட்டாய், தெரியும். அன்றைக்கு "இது எதற்கு இங்கே நிற்கிறது" என்று நீ உருவிப் போட்டாய். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் துள்ளி உள்ளே விழுந்தது. முன் கவர் முழுவதையும் பிரித்து இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். ஆப்பசைத்த குரங்கு என்று உன்னை எத்தனை வருஷம் கூப்பிட்டேன்!

இன்ஜினைப் பார்த்து வந்ததும் கம்ப்ரஷன் எண் ஆறையும் எனக்கு எழுது. முன்பணம் கொடுத்துவிட்டு எழுதாதே. இறக்குகிற நாளுக்கு நான் வருகிறேன். கீழே படுக்க மாட்டேன், நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்வேன்.

அன்புடன்,
முரளி

பி.கு.: ஓட்டை விழுந்த பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. இன்ஜின் பேயில் இருக்கிற தகட்டில் உள்ள எண்ணும் அந்தப் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார். ஒன்று என்றால் எண்ணெய் தடவி மூலையில் வை. வார்ப்பிரும்பை ஒட்டுப்போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் புது எண்ணை ஏற்றுகிற வேலையையும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்.