இல்லாத ஆக்சிஜனுக்கு ரூ.1,500

அனுப்புநர்:
பொருளாளர்,
கெங்கையம்மன் திருவிழாக் குழு,
கீ.வ.குப்பம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
ஆம்புலன்ஸ் மற்றும் முதலுதவிப் பயிற்சி நிறுவனம்,
வேலூர்.

பொருள்: திருவிழா ஆம்புலன்ஸ், முதலுதவிப் பயிற்சி இரண்டிலும் நடந்த குறைபாடு; முன்பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா,

போன வெள்ளிக்கிழமை உங்கள் அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் பில் வந்தது. பயிற்சிக்கு 12,000, ஆம்புலன்ஸும் நர்ஸும் சேர்த்து 18,500, முதலுதவிப் பெட்டிக்கு 2,000. இதெல்லாம் பேசியபடிதான். நான்காவது வரியில் 'ஆக்சிஜன் உபயோகம்: ரூ.1,500' என்று இருந்தது. மற்ற குறைகளை நேரில் வந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவனை எழுத உட்கார வைத்தது அந்த ஒரு வரிதான். 28 வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன் நான். பில்லை மேலிருந்து கீழே வரை படிக்காமல் விடமாட்டேன்.

உங்களுக்குக் கொடுத்த பணம் தலைக்கட்டு வரிப் பணம், திருவிழாவுக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்தது. 212 தலைக்கட்டு, ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய். நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து இரண்டு தவணையாகக் கட்டியவர்கள் அதில் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு எடுத்தபோதே, "அந்தக் காசுக்கு இன்னொரு செட் வாணம் உடலாமே" என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் இளைஞர்களும்தான் விடாமல் பேசி ஒப்புக்கொள்ள வைத்தோம். குடியாத்தத்தில் சிரசு, அதாவது அம்மன் தலையின் ஊர்வலம், முடிந்த அடுத்த செவ்வாய் எங்கள் ஊரில் சிரசு. கத்திரி வெயில் இன்னும் முடிந்திருக்காது. போன வருஷம் கூழ் வரிசையில் நின்ற ஒரு பாட்டி மயங்கிச் சரிந்தார். அதற்கு முந்தின வருஷம் சூறைத் தேங்காய் பொறுக்கப் பாய்ந்த பையனுக்குப் புருவத்துக்கு மேலே கிழிந்து நான்கு தையல். அதனால்தான் உங்களிடம் வந்தோம்.

முதலில் பயிற்சி. திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு காலை 10 மணிக்கு என்று பேச்சு. உங்கள் பயிற்சியாளர் வந்தது 11.40க்கு. 26 பேருக்கு ஒரே ஒரு பொம்மை. அதன் மார்பை அழுத்தினால் உள்ளே போனது மேலே எழும்பி வரவில்லை. ஸ்பிரிங் போயிருக்கும் போலிருக்கிறது. இதயம் நின்றவருக்குச் செய்யும் நெஞ்சு அழுத்தத்தில் அழுத்துவது பாதி, விடுவது பாதி என்று எங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸ் பிறகு சொல்லிக்கொடுத்தார். 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்தி, மார்பு முழுசாக மேலே வர விட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை செய்ய வேண்டும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. உங்கள் பொம்மையில் அந்தப் பாதியைப் பழகவே வழியில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு ஆளுக்கு நாலைந்து அழுத்தம் கிடைத்தது. மிச்ச நேரம் லேப்டாப்பில் ஆங்கிலப் படம் ஓடியது.

அங்கே ஒரு பெண் எழுந்து, "காக்கா வலிப்பு வந்தா கையில சாவி குடுக்கிறாங்களே, அது சரியா சார்?" என்று கேட்டார். பயிற்சியின் மொத்தப் பலனும் அந்த ஒரு கேள்விக்குச் சொல்லும் பதிலில் இருந்தது. உங்கள் ஆள் சிரித்துக்கொண்டே, "குடுங்க, தப்பில்ல, மனசுக்குத் தைரியம்" என்றார். வலிப்பு வந்தவரைச் சுற்றிக் கூரான சாமான் இருந்தால் நகர்த்துவது, தலைக்கடியில் துண்டை மடித்து வைப்பது, கைகாலை அமுக்கிப் பிடிக்காமல் இருப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, 5 நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுவது என்று அந்த நர்ஸ் அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடி மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவர் காசு வாங்கவில்லை.

பயிற்சி முடிந்து குரூப் போட்டோ. மறுநாள் 40 சான்றிதழ் வந்தது. வந்தவர்கள் 26 பேர்தான் என்று சொன்னேனே. எங்கள் பட்டியலில் பேர் இருந்த எல்லோருக்கும் அச்சடித்து அனுப்பிவிட்டீர்கள். அதில் ஒரு தம்பி அன்றைக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்டில் இருந்தவன். 'பயிற்சியை வெற்றிகரமாக நிறைவு செய்தார், இரண்டு ஆண்டு செல்லும்' என்று அவன் பேர் போட்டு உங்கள் முத்திரை குத்தியிருக்கிறது. வெறும் காகிதம்தானே என்று விட என்னால் முடியவில்லை. நாளைக்கு யாராவது கீழே விழுந்தால், 'சான்றிதழ் வாங்கினவன் நீதானே' என்று அவனைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

திருவிழா அன்று வண்டி காலை 6 மணிக்கு வந்திருக்க வேண்டும். சிரசு புறப்பட்டு இரண்டு தெரு தாண்டிய பிறகு 7.50க்கு வந்தது. முன்கூட்டியே ஆள் வந்து இடம் பார்த்து, வண்டி நிற்கும் இடமும் வெளியேறும் வழியும் குறிப்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்கள். யாரும் வரவில்லை. அதனால் டிரைவர் வண்டியைப் பந்தலுக்குள் மூக்கை விட்டு, ஜெனரேட்டருக்கும் சீரியல் செட் வளைவுக்கும் நடுவில் சொருகிவிட்டார். பின்னால் கூழ் வரிசை. திருப்ப இடமில்லை. "தேவைப்பட்டா எடுத்துக்கலாம் சார்" என்றார். நர்ஸ் என்று பேசியிருக்க, வந்தவன் நீலச் சட்டை போட்ட ஒரு பையன். என்ன படிச்சிருக்கே தம்பி என்று கேட்டதற்கு, "ரெண்டு மாசமா வண்டியில போறேன் சார்" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அனுப்பியவர்கள் நீங்கள்.

தேங்காய் ஓடு குத்தி 9 பேருக்குக் காலில் ரத்தம். உங்கள் 2,000 ரூபாய்ப் பெட்டியில் பஞ்சு ஒரு சுருள், கட்டுத்துணி இரண்டு, டிஞ்சர் ஒரு பாட்டில். கத்தரி இல்லை. மூன்றாவது ஆளுக்கு மேல் எங்கள் பெண்கள் துவைத்த வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். அது போகட்டும்.

மதியம் 12.30 இருக்கும். பம்பை மேளம் அடிக்கும் பம்பைக்காரர்களில் மூத்தவர், 54 வயது, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர், அடித்துக்கொண்டே இருந்தவருக்குத் தாளம் தப்பியது. பக்கத்தில் இருந்த அவருடைய தம்பி திரும்பிப் பார்த்திருக்கிறார். அண்ணன் தாளம் தப்பி அவர் கேட்டதே இல்லையாம். அடுத்த நிமிடம் பம்பையோடு முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். ஏதோ உளறினார். சாமி மருள் வந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கற்பூரம் கொண்டுவர ஓடினார்கள். நான் தோளைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் வைத்த தோசைக்கல் போல இருந்தது உடம்பு.

உங்கள் பையன் வந்தான். தெர்மாமீட்டர் இல்லை. பிபி கருவியின் பட்டை ஒட்டவில்லை, கையால் பிடித்துக்கொண்டு காற்றடித்தான். பிறகு காய்ச்சல் மாத்திரையை எடுத்து, குளுக்கோஸ் தண்ணீரோடு அவர் வாயில் ஊற்றினான். அரை நினைவில் இருந்தவருக்குப் புரையேறிக் கண் மேலே சொருகியது. வெயில் தாக்கிய சூட்டுக்குக் காய்ச்சல் மாத்திரை கேட்காது என்பதும், நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்குமா தெரியாது?

மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் வை என்றேன். சிலிண்டரைத் திறக்கும் சாவி இல்லை. "அது இன்னொரு வண்டியில போயிடுச்சு சார்" என்றார் டிரைவர். ஜெனரேட்டர்காரர் தன் ஸ்க்ரூ ஸ்பேனரை எடுத்து வந்து திருகினார். நான் மீட்டருக்கு நேரே குனிந்து நின்றேன். முள் பூஜ்யத்தில் இருந்தது. இன்னும் ஒரு சுற்று திருகினார். அசையவில்லை. அந்த மீட்டரைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், நேரம் 12.41. நீங்கள் 1,500 ரூபாய் கேட்பது இந்த ஆக்சிஜனுக்குத்தான்.

அவரைக் காப்பாற்றியது எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. வேலூரில் நர்ஸ் வேலை, திருவிழாவுக்கு லீவில் வந்தவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, நிழலுக்கு இழுத்து, சோடாக் கடை ஐஸ்பெட்டியை அப்படியே கவிழ்க்கச் சொன்னாள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று துண்டில் சுற்றி ஐஸ் வைத்தாள். கூழுக்கு வைத்திருந்த தண்ணீரைக் குடம் குடமாக மேலே ஊற்றி, இரண்டு பேரை விட்டு முறத்தால் விசிறச் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்கு அப்புறம், மொதல்ல சூடு எறங்கணும்ணா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே 108க்குப் போன் போடச் சொன்னாள். உங்கள் வண்டியைப் பின்னால் எடுக்க முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, 108 வண்டி குடியாத்தம் சாலையிலிருந்து வந்து ரோட்டிலேயே நின்று, ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். அவர்களிடம் ஆக்சிஜன் இருந்தது. பம்பைக்காரர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தார். எங்கள் அம்மனுக்கு அடிக்க வந்த விருந்தாளி. அவர் வீட்டுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று நினைத்தால் இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை.

நூறு வருஷத்துக்கு முன்னால், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் இதே குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வடநாட்டிலிருந்து ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிற ஊர் வேலூர். அந்த ஊர்ப் பேரைப் போர்டில் போட்டுக்கொண்டு காலி சிலிண்டர் அனுப்புகிறீர்கள்.

மறுநாள் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசியவர், "ஸ்டாண்ட்பைன்னா வண்டி நிக்கணும் சார், நின்னுச்சு இல்ல?" என்றார். நின்றதுதான். ஊர்க்கோடியில் ஐயனார் குதிரைகூட வருஷம் பூரா நிற்கிறது, அதற்கு நாங்கள் வாடகை கொடுப்பதில்லை.

இனி பணம். முன்பணமாகக் கொடுத்த 20,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மீதி 14,000 கேட்டு உங்கள் வசூல் பிரிவிலிருந்து தினமும் வரும் போனை நிறுத்த வேண்டும். மூன்று பேர் காலுக்காவது பயன்பட்டதால் பெட்டிக்கான 2,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 18,000 அனுப்பினாலும் ஏற்கிறோம். கணக்கில் நான் யாருக்கும் அநியாயம் செய்பவன் இல்லை. 40 சான்றிதழையும் ரத்து செய்து எழுத்தில் தர வேண்டும். அச்சடித்தவற்றைக் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் தருகிறேன். பம்பைக்காரரின் நான்கு நாள் கூலி பற்றி உங்கள் மனசாட்சிப்படி ஒரு பதில் எழுதுங்கள். அதை எங்கள் குழு ஏற்கெனவே கொடுத்துவிட்டது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு போடுவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒப்பந்தம், பில், மீட்டர் படம், பயிற்சிக்கு வந்த 26 பேரின் கையெழுத்துத் தாள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பொருளாளர்,
திருவிழாக் குழு.

பி.கு.: பம்பைக்காரரைத் தூக்கிய அவசரத்தில் ஜெனரேட்டர்காரரின் ஸ்க்ரூ ஸ்பேனர் உங்கள் வண்டியிலேயே போய்விட்டது. சிலிண்டர் பக்கத்தில் கிடக்கும், பாருங்கள். அவர் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் கேட்கிறார்.