பின்கட்டுக்குப் பரிசு உண்டா?

ஆசிரியருக்கு,

சிறு உணவகங்களில் ஆட்கள் நிலைப்பதில்லை என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாதம் ஒருவருக்கு 'சிறந்த ஊழியர்' பரிசு கொடுத்தால் உற்சாகம் வரும் என்று அதில் யோசனை சொல்லியிருந்தது. ஒன்பது பேர் வேலை பார்க்கும் ஓர் உணவகத்தைப் பதினோரு வருடமாக நடத்துகிறேன். அந்தப் பரிசைக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான்.

முதல் மாதம் ஒரு சப்ளையருக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் இன்னொரு சப்ளையர். மூன்றாவது மாதமும் சப்ளையர்தான். நான் உட்காருவது கல்லாவில். அங்கிருந்து பார்த்தால் மேசைகள்தானே தெரியும்! பாத்திரம் கழுவும் அக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டே, "இன்னும் எத்தனை வருஷம் கழுவினா என் போட்டோவ அங்க மாட்டுவீங்க?" என்று கேட்டார். பில்லைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். இதற்கிடையில், கூட்ட நேரத்தில் பார்சல் கட்ட ஒருவருக்கொருவர் கை கொடுப்பதும் குறைந்துபோயிருந்தது. நான்காவது மாதம் பரிசை நிறுத்திவிட்டேன்.

அப்புறம் டிப்ஸ். நியூயார்க்கில் பல உணவகங்கள் நடத்தும் டேனி மேயர், சமையலறைக்கும் பரிமாறுவோருக்கும் உள்ள வருமான இடைவெளியைக் குறைக்க, 2015-இல் டிப்ஸையே எடுத்துவிட்டு விலையைக் கூட்டிப் பார்த்தார். 2020-இல் டிப்ஸ் திரும்பி வந்துவிட்டது. அவ்வளவு துணிச்சல் எனக்கில்லை. ஒரே பெட்டி வைத்தேன். வாரக் கடைசியில், வேலை பார்த்த மணிக்கணக்குப்படி மாஸ்டர் முதல் கிளீனர் வரை பங்கு, எனக்குக் கிடையாது. சப்ளையர்கள் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஒருவர் வேலையை விட்டே போனார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை.

ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959-லேயே ஒன்று சொன்னார்: சம்பளமும் வேலைச் சூழலும் சரியில்லை என்றால் மனக்குறை வரும், ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் வேலையில் ஈடுபாடு வந்துவிடாது, அதற்கு அங்கீகாரமும் பொறுப்பும் வேண்டும். அவர் விசாரித்தது பொறியாளர்களையும் கணக்காளர்களையும்தான். எங்கள் சமையலறைக்கும் அது பொருந்துகிறது. சம்பளத் தேதி தள்ளிப்போன மாதத்தில் என் பாராட்டை யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த வார ஷிப்டை வெள்ளிக்கிழமையே எழுதி ஒட்டி, கொடுத்த லீவை கூட்டத்தைக் காரணம் காட்டிப் பிடுங்காமல் இருந்த பிறகுதான் திடீர் மட்டம் குறைந்தது.

கழுவும் இடத்தை எப்படி வைப்பது என்ற முடிவை அந்த அக்காவிடமே விட்டேன். அலமாரியைத் தொட்டிக்கு இடப்பக்கம் மாற்றச் சொன்னார். உடைசல் பாதியாகக் குறைந்தது. பதினோரு வருடமாக அது தப்பான பக்கத்தில் நின்றிருக்கிறது! மிச்சமான காசில் ஒரு பங்கை அவரிடம் கொடுத்தபோது, எதற்கு என்று எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் கொடுத்தேன்.

அடுத்த முறை இப்படி எழுதுகிறவர் முதலாளியிடம் மட்டும் பேசாமல் பின்கட்டுக்கும் ஒரு நடை போய்வரட்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் அவர்களுக்குப் பேச நேரமிருக்கும்.

இப்படிக்கு,
ஓர் உணவக உரிமையாளர்