மலைமேல் ஒரு திமிங்கில எலும்பு

எர்ஃபுர்ட், ஜெர்மனி,
19.10.2025, ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. டீசல் பில்லின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பிறகு மோந்து பார்த்தேன். டீசல் வாசனையும் இல்லை, மீன் வாசனையும் இல்லை. வழியில் எங்கோ காய்ந்துபோய்விட்டது. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று தம்பி முணுமுணுப்பான். போனில் நீங்கள் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். சித்தப்பா வீட்டுப் பங்குக்குக் கையெழுத்துக் கேட்கிற விஷயத்தை இரண்டு பக்கம் எழுதிய மனிதருக்கு நானும் எழுதித்தானே பதில் சொல்ல வேண்டும்? ஆயாவுக்குத் தம்பியே படித்துக் காட்டட்டும். வேகமாகப் படித்தால் தலையில் ஒரு குட்டு வையுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். வேலையும் நன்றாகப் போகிறது. மார்ச்சில் தகுதித் தேர்வு முடிந்துவிட்டால் முழு நர்ஸ், முழுச் சம்பளம். இந்த மாதம் பணம் குறைவாக அனுப்பியதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. குளிருக்கு நல்ல தோல் பூட்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன். இங்கே அது இல்லாமல் முடியாது. காலையில் எட்டு டிகிரி. வாயைத் திறந்தால் புகை வருகிறது. இதைக் குளிர் என்று சொன்னால் வார்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். குளிர் இன்னும் வரவே இல்லையாம்.

கீழ்வீட்டுப் பாட்டியை உங்களுக்குத் தெரியும். வீடியோவில் அம்மாவைப் பார்த்துப் போலீஸ்காரர் போலத் தலையசைத்தாரே, அவர்தான். எங்கள் கட்டடத்தில் மாடிப்படியைக் குடியிருப்பவர்களே முறை வைத்துத் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் வீட்டுக் கதவுப் பிடியில் சின்ன அட்டை ஒன்று தொங்கும். நம் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கிற மாதிரிதான், சண்டை மட்டும் சத்தமில்லாமல் நடக்கும். நான் துடைத்து முடித்ததும் பாட்டி வந்து கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அடிப்பக்கத்தை! முதல் மூன்று மாதம் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். நான்காவது மாதம் விரலில் அழுக்கு ஒட்டவில்லை. அன்றைக்கு ஒரு தட்டில் உருளைக்கிழங்கு உருண்டை கொண்டுவந்து கொடுத்தார். பச்சைக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, வெந்த கிழங்கைக் கலந்து பிடித்து, நடுவில் வறுத்த ரொட்டித் துண்டை வைத்து வேகவைப்பது இந்தப் பக்கத்துப் பெருமை. அம்மாவின் பிடிகொழுக்கட்டையை உப்பில்லாமல் நினைத்துக்கொள்ளுங்கள். நான் அதில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மீனைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். மீன் கிடைக்கிறது. ஆனால் தலை இல்லை, தோல் இல்லை, முள் இல்லை. வெள்ளையாகச் சோப்புக்கட்டி போல அட்டைப்பெட்டியில் உறைந்து கிடக்கிறது. என்ன மீன் என்று பெட்டியைப் படித்தால்தான் தெரியும். இந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது நைனா. கடலைப் பார்க்க வடக்கே பல மணி நேரம் ரயிலில் போக வேண்டும்.

நேற்று எனக்கு விடுமுறை. அந்தப் பாட்டி என்னை ஒரு கோட்டைக்கு அழைத்துப் போனார். பெயர் வார்ட்புர்க். இங்கிருந்து மேற்கே முக்கால் மணி நேர ரயில் பயணத்தில் ஐசெனாக் என்ற ஊர். மாதச் சீட்டு எடுத்திருந்தால் நாடு முழுக்கச் சாதாரண ரயிலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். வேலைக்காக எப்படியும் எடுப்பதுதான், அதனால் தனிச் செலவில்லை. பாக் என்ற இசைமேதை 1685இல் பிறந்த ஊர் அது. பாட்டிக்கு அதில் அக்கறையில்லை. அவர் காட்டியது கார் தொழிற்சாலை இருந்த பக்கத்தை. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் இந்தக் கோட்டையின் பெயரையே வைத்து ஒரு கார் செய்தார்கள். இளவயதில் பாட்டி அங்கே கதவு பொருத்தும் வேலை செய்தாராம். 1991இல் அந்தக் கார் நின்றுபோனது. "ஒரே வருடத்தில் ஊர் கிழடாகிவிட்டது" என்றார். மில் மூடிய பிறகு பெரியப்பா வாசற்படியில் உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம் எனக்கு வந்துபோனது.

கோட்டைக்கு பஸ் இருக்கிறது. காற்று நன்றாக இருந்ததால் நடந்தே ஏறினோம். எண்பது வயதுக்காரி இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் போகிறார், நான் இரைக்க இரைக்கப் பின்னால். நமக்கு மலை என்றால் பரங்கிமலை, அதற்கும் படிக்கட்டு. இது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர். வழியெல்லாம் மஞ்சளும் செம்புமாக இலை கொட்டிக் கிடக்கிறது. நனைந்த இலைமேல் கான்வாஸ் ஷூ வழுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. காலுறை வரை ஈரம். பாதி மலையில் கழுதைகள் நின்றன. இப்போது பிள்ளைகள் ஏறிச் சவாரி போகிறார்கள். முன்பெல்லாம் கோட்டைக்குத் தண்ணீர் சுமந்தவை இவைதானாம். மேலே மழைநீர்த் தொட்டி ஒன்றுதான், ஊற்றுக் கிடையாது. தண்ணீருக்குக் கஷ்டப்பட்ட ராஜாவைப் பற்றி அறிந்ததில் ஆயாவுக்கு ஒரு திருப்தி இருக்கும்.

இந்தக் கோட்டை வந்த கதையை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். 1067இல் லுட்விக் என்ற பிரபு இந்த மலையைப் பார்த்து ஆசைப்பட்டான். மலை அவனுடையதல்ல. என்ன செய்தான் தெரியுமா? தன் சொந்த நிலத்திலிருந்து மண்ணை அள்ளிவரச் செய்து மலை உச்சியில் கொட்டினான். வழக்கு வந்தபோது அவனுடைய வீரர்கள் பன்னிரண்டு பேர் அந்த மண்ணில் வாளைக் குத்தி, "எங்கள் எஜமான் தன் சொந்த மண்ணில்தான் நிற்கிறார்" என்று சத்தியம் செய்தார்கள். பொய்யும் இல்லை பாருங்கள். கதைதான், ஆனால் இதைச் சித்தப்பா காதில் போட்டுவிடாதீர்கள். மறுநாளே நம் வீட்டுத் திண்ணையில் ஒரு லோடு மண் கொட்டியிருக்கும்.

உள்ளே போகும் சீட்டைப் பாட்டியே எடுத்துவிட்டார், நான் கைப்பையைத் திறப்பதற்குள். கோட்டையின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுப்பித்தது. நடுவிலுள்ள அரண்மனைதான் நிஜமாகவே பழையது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. எலிசபெத் என்ற புனிதைக்கு அங்கே ஓர் அறை, சுவரெல்லாம் பொன்னிறக் கண்ணாடிச் சில்லு. ஏழைகளுக்கு அவள் ஒளித்து எடுத்துப்போன ரொட்டி, கூடையைத் திறந்து காட்டச் சொன்னபோது ரோஜாப்பூவாக மாறியதாம். பசித்தவனுக்கு ரோஜா எதற்கு என்று அம்மா கேட்பாள். எனக்கு வேறொன்றுதான் மனத்தில் தங்கியது. அவளை ஹங்கேரியிலிருந்து 1211இல் இங்கே கொண்டுவந்தபோது வயது நான்கு. பிற்பாடு கட்டிவைப்பதற்காக முன்கூட்டியே கொண்டுவந்து வளர்த்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் அங்கே தாயைக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு யார், எந்த மொழியில் சொன்னார்களோ.

கடைசியாகப் பார்த்தது மார்ட்டின் லூதர் இருந்த அறை. எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்குத்தான் அருமை தெரியும். போப்பை எதிர்த்ததற்காக உயிருக்கு ஆபத்து வந்தபோது, தாடி வளர்த்துப் போர்வீரன் வேடத்தில் 1521 மே மாதத்திலிருந்து அடுத்த மார்ச் வரை இங்கே ஒளிந்திருந்தார். அப்போதுதான் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். பதினோரு வாரத்தில் முடித்தாராம்! எனக்கு "எங்கே வலிக்கிறது" என்று ஜெர்மனில் தடுமாறாமல் கேட்கவே ஒரு வருடம் ஆனது. பெரியம்மாவின் கறுப்பு அட்டை பைபிளுக்கும் இந்தப் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. இங்கிருந்து ரயிலில் போய்வரும் தூரத்திலுள்ள ஹாலே ஊரில் படித்த சீகன்பால்கு என்ற பாதிரியார் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. இதைப் பாட்டியிடம் சொன்னேன். "அவருக்கு உன்னைவிட இலக்கணம் வந்திருக்கும்" என்றார்.

அறை ஒன்றும் பெரிதில்லை. பலகைச் சுவர், ஒரு மேசை, பச்சை ஓடு பதித்த கணப்பு. சாத்தான்மேல் லூதர் மைக்கூட்டை எறிந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் மையே இல்லை, வந்தவர்கள் சுரண்டிச் சுரண்டி எடுத்துப்போய்ச் சுவரின் காரைதான் பெயர்ந்திருக்கிறது. மேசைக்குக் கீழே ஏதோ பழுப்பாக, தேய்ந்த மரக்கட்டை போலக் கிடந்தது. எல்லோரும் மையைத் தேடிக்கொண்டிருந்தார்கள், நான் அதைப் பார்த்தேன். நடுவில் தட்டையான வட்டு, இரண்டு பக்கமும் இறக்கை போல நீட்டிக்கொண்டு. எனக்குச் சட்டெனத் தெரிந்துவிட்டது நைனா. வஞ்சிரத்தின் நடுத்துண்டைச் சாப்பிட்டு முடித்ததும், முள்ளைக் கடைசியாக ஒருமுறை உறிஞ்சிவிட்டுத் தட்டின் ஓரத்தில் வைப்பீர்களே, அதே வட்டு. முக்காலி அளவுக்கு.

திமிங்கிலத்தின் முதுகெலும்பு. லூதர் கால் வைத்துக்கொள்ளும் மணையாக வைத்திருந்தாராம். அவர் காலத்திலிருந்து அந்த அறையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்கிறார்கள்.

கடலே இல்லாத ஊரில், மலை உச்சியில், ஒரு முள். யார் எதற்காக அதை இவ்வளவு தூரம் தூக்கிவந்தார்களோ. நான் அங்கேயே நின்றுவிட்டேன். விடிகாலை நாலு மணிக்கு நீங்கள் வாசல் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்குவது காதில் கேட்டது. ஏலத்தின் கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம், ஆயா தலையைத் தனக்கென்று எடுத்து வைத்துவிட்டு வாலை என் தட்டில் போடுவது எல்லாம். பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னதுகூடத் தெரியவில்லை. காவலுக்கு நின்ற அம்மாள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஜலதோஷம் என்றேன். அந்தச் சொல்தான் உடனே வந்தது. பாட்டி ஒன்றும் கேட்காமல் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

வெளியே கரி அடுப்பில் சாசேஜ் சுடுகிற மணம் ஊரையே தூக்கியது. நான் கட்டிப்போன புளிசாதமே போதுமாக இருந்தது. இறங்கும்போது ஒரு வேடிக்கை. இங்கே காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 செண்ட் திரும்பத் தரும். வழியில் எட்டுப் பாட்டில் கிடைத்தது. பொழுதுபோக்காகத்தான் பொறுக்கினேன். அம்மாவிடம் இதைச் சொல்லி அவளைக் கவலைப்பட வைக்காதீர்கள்.

நாளைக்குத் தீபாவளி. இது உங்கள் கைக்கு வரும்போது வெடிக்குப்பையை மழை அடித்துக்கொண்டு போயிருக்கும். நான் இரவு டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவர்களுக்குக் குடும்பம், பிள்ளை என்று இருக்கிறது, பாவம். எண்ணெய் தேய்த்துத்தான் குளிப்பேன் என்று ஆயாவிடம் சொல்லுங்கள்.

இப்போது வீட்டு விஷயம். நிதானமாகப் படியுங்கள். சித்தப்பா நீட்டுகிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். "சும்மா ஒரு சம்மதக் கடிதம்தான்" என்பார். அது சம்மதக் கடிதம் இல்லை, உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கிற பத்திரம். வீட்டு வரி இத்தனை வருடம் அவர் பெயரில் கட்டினார் என்பதால் வீடு அவருடையதாகிவிடாது. வரி ரசீது வரி கட்டியதற்குத்தான் சாட்சி. 1978இல் தாத்தா தன் சம்பாத்தியத்தில் கிரயம் செய்த இடம், உயில் எழுதாமல் போய்விட்டார். அப்படியானால் ஆயா, நீங்கள், சித்தப்பா, அத்தை ஆகிய நான்கு பேருக்கும் சம பங்கு. பெண்ணுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்று சித்தப்பா பேசினால் பேசட்டும், அத்தையின் பங்கு அதனால் போய்விடாது. பிரிக்க வேண்டுமென்றால் நால்வரும் உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யட்டும். முதலில் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடுங்கள்.

சித்தப்பாவோடு சண்டை மட்டும் வேண்டாம். எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க அலைந்தபோது இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் கூட வந்தவர் அவர்தான். அவருக்கு அவசரம், கடன்காரன் நெருக்குகிறான் போலிருக்கிறது. கடன் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். தை பிறந்ததும் என்னால் ஏதாவது பார்க்க முடியும், அதற்குமுன் எனக்குக் கொஞ்சம் கைக்கு இழுபறி... அதாவது தேர்வுக் கட்டணம் இருக்கிறது.

பேச்சு நடக்கும் நாளில் அத்தை கட்டாயம் இருக்க வேண்டும். பொன்னேரியிலிருந்து வந்துபோகிற செலவை நீங்களே முன்னால் கொடுத்துவிடுங்கள். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு அவள் வராமல் இருந்துவிடுவாள்.

உங்கள் பெரிய பெண்

பி.கு.: தம்பிக்கு. வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது 1975இலிருந்து போடு, தாத்தா வாங்கியது அதற்குள் வந்துவிடும். பத்திரம் ஆயாவின் தகரப் பெட்டியில், அடியில் விரித்திருக்கும் காலண்டர் தாளுக்கும் கீழே இருக்கிறது. ஆயா தூங்கும்போது எடுக்காதே, கேட்டு எடு.