வாசலில் நிற்பவர்களைப் பற்றி

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாயிற்று, தாமதத்துக்குக் காரணம் விடைத்தாள்தான், வேறென்ன. நீ தலைமையாசிரியை ஆகிவிட்ட சேதியை இங்கே ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவளாக்கும் நான் என்று கொஞ்சம் அலட்டிக்கொண்டதும் உண்டு. எனக்கு இந்த வருடமும் எட்டாம் வகுப்புதான். முழங்கால்தான் மாடிப்படியைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் கத்தோலிக்கப் பள்ளி எல்லாரையும் வரவேற்கும் இடமாக இருக்கவேண்டும், அதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது, நீயும் வரவேற்பு விழா, நுழைவாயிலில் ஒரு பலகை, பிள்ளைகள் பாடும் ஒரு பாட்டு என்று பட்டியல் போட்டிருக்கிறாய். விழா நடக்கட்டும். ஆனால் விழாவுக்கு வருகிறவர்களை வரவேற்பது சுலபம், முன்கூட்டியே தேதி குறித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு நிற்கிறோம். வருட நடுவில், யாரும் எதிர்பார்க்காத ஒரு நாளில், பழைய பள்ளிச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தகப்பன் பிள்ளையோடு வந்து நிற்பாரே, அவரிடம் முதலில் பேசப்போவது யார்? வாசலில் இருப்பவர். அப்புறம் அலுவலக எழுத்தர். நீ மூன்றாவது ஆள்தான், அதற்குள் அந்தப் பிள்ளை பள்ளியைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கும்.

மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ புனிதர்களைப் பற்றிச் சொல்கிறோம், வாசல் காத்தே புனிதரான இந்த இரண்டு பேரை ஏனோ விட்டுவிடுகிறோம். ஒருவர் அல்போன்ஸ் ரொட்ரிகஸ். ஸ்பெயின் நாட்டுத் துணி வியாபாரி, மனைவியும் பிள்ளைகளும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள், வியாபாரமும் நொடித்தது, வயது ஏறியபிறகு இயேசு சபை என்ற துறவற சபையில் சேர நினைத்துச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து படித்துப் பார்த்தார், படிப்பு ஏறவில்லை. கடைசியில் குருவாக இல்லாமல் சகோதரராகச் சேர்ந்து, மயோர்க்கா தீவில் சபையின் கல்லூரி வாசலில் பல பத்தாண்டுகள் கதவு திறந்துவிட்டார். மணி அடித்தால் வெளியே நிற்பது ஆண்டவர்தான் என்று நினைத்து, "இதோ வருகிறேன் ஆண்டவரே" என்பாராம். அங்கே படிக்க வந்த பீட்டர் கிளேவர் என்ற இளைஞரிடம் தென் அமெரிக்காவுக்குப் போ என்று தூண்டியவரும் இவர்தான். கிளேவர் கார்த்தஹேனா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட அடிமைகளுக்காகவே உழைத்து மறைந்தார். 1888-இல் இருவரையும் ஒரே நாளில் புனிதர்களாக அறிவித்தார்கள்.

இன்னொருவர் கனடாவின் ஆந்த்ரே பெசெட், திருச்சிலுவைச் சபைச் சகோதரர். உடம்பு நோஞ்சான், எழுதப் படிக்கவும் அரைகுறைதான், இவரை என்ன செய்வது என்று தெரியாமல் மொன்றியல் நகரில் சபை நடத்திய பள்ளியின் வாசல் வேலையைக் கொடுத்தார்கள். சேர்ந்ததுமே எனக்கு வாசலைக் காட்டிவிட்டார்கள், நாற்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டேன் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். அவரும் 2010-இல் புனிதரானார். இரண்டு பேருமே பாடம் நடத்தியவர்கள் இல்லை என்பதைக் கவனி. (நம் ஆசிரியர் கூட்டங்களில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.)

இவர்களுக்கெல்லாம் முன்பே, ஆறாம் நூற்றாண்டில், புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தன் மடத்துத் துறவிகளுக்கான ஒழுங்கு நூலில் இதை எழுதிவைத்துவிட்டார். 53-ஆம் அதிகாரம் விருந்தினரைப் பற்றியது: வருகிறவரைக் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும், "அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள்" என்று கடைசித் தீர்ப்பு நாளில் கிறிஸ்துவே சொல்லப்போகிறார் அல்லவா. எனக்குப் பிடித்தது அதே அதிகாரத்தில் வரும் இன்னொன்று. ஏழைகளையும் வழிப்போக்கர்களையும்தான் கூடுதல் அக்கறையோடு ஏற்கவேண்டும், ஏனென்றால் பணக்காரருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்கிறார். அந்த மனுஷன் நம் பள்ளி அலுவலகத்தைப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றும். காரில் வந்து இறங்குகிற பெற்றோருக்கு நாற்காலி தானாக நகர்ந்து வருகிறது, விண்ணப்பத்தை வாசிக்கத் தெரியாத அம்மா சுவரோரமாக நின்றுகொண்டே இருக்கிறாள்.

இதற்கெல்லாம் ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே என்று நீ எழுதியிருந்தாய். நியாயம்தான். ஆசீர்வாதப்பரும் அதை யோசித்திருக்கிறார், விருந்தினர் வேளைகெட்ட வேளையில் வந்து துறவிகளின் ஒழுங்கைக் குலைக்கக்கூடாது என்று அவர்களுக்குத் தனிச் சமையலறையே வைக்கச் சொன்னார். அதனால் வகுப்பில் இருக்கிற ஆசிரியரை இழுக்காதே. ஒரு ஆளை நியமி, ஒரு மேசை போடு, விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கட்டும், அதுவே அவருடைய வேலையாக இருக்கட்டும்.

பிள்ளைகள் பக்கம் பார்த்தால் எங்கள் பள்ளியில் பலன் தந்தது ஒன்றுதான். புதிதாக வருகிற பிள்ளைக்கு அதே வகுப்பில் ஒரு துணை, முதல் சில வாரங்களுக்கு. வகுப்பில் முதல் பெண்ணைத் துணையாகப் போடாதே, அவளுக்கு அவள் மதிப்பெண்தான் கவலை, வாயாடியைப் போடு. பாடம் நடக்கும்போது புதுப்பிள்ளைக்கு அவ்வளவு கஷ்டம் தெரியாது, மதிய இடைவேளையில் யாரோடு உட்காருவது என்பதில்தான் அழுகை வரும். இன்னொன்று, கட்டணம் பாக்கி என்று வகுப்பில் பெயர் வாசிக்கும் பழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதை முதலில் நிறுத்து, மற்றதெல்லாம் பிறகு.

கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய், பள்ளியின் அடையாளம் நீர்த்துப்போகாதா என்று உங்கள் பழைய ஆசிரியர் ஒருவர் பயப்படுகிறாராமே. உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கையை அவருக்குக் காட்டு. கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களும் படிக்கும் பள்ளிகள் திருச்சபைக்கு மிகவும் பிரியமானவை என்று அதிலேயே இருக்கிறது. ஏழைகள், குடும்ப ஆதரவு இல்லாதவர்கள், நம் விசுவாசத்தில் பங்கில்லாதவர்கள், இவர்கள்மேல் தனி அக்கறை வேண்டும் என்றும் இருக்கிறது. நாம் ஜெபத்தை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. திருப்பலி நாளில் மற்ற பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே யோசித்து, ஏன் இதைச் செய்கிறோம் என்று அவர்களிடமும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வராந்தாவில் சும்மா நிற்கவைப்பதுதான் தப்பு.

உங்கள் சேர்க்கை விண்ணப்பத்தை ஒரு பிரதி அனுப்பு, எதையெல்லாம் வெட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன், பாதிக் கேள்விகள் எதற்கென்று கேட்டவருக்கே தெரியாது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்றாயே, எப்படி இருக்கிறார்கள்? விடுமுறையில் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா, கீழ்த்தளத்து அறையைத் தயார் செய்துவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி