உத்தரவாதத்தை மறுத்தமை தொடர்பான முறைப்பாடு: பாத்திரம் கழுவும் மெசின்

கல்லடி,
மட்டக்களப்பு.

பொறுப்பதிகாரி,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா/அம்மணி,

உங்கள் மட்டக்களப்புக் கிளையில் வாங்கிய பாத்திரம் கழுவும் மெசின், இரண்டு வருட உத்தரவாதம் முடியுமுன்பே நின்றுவிட்டது. பார்க்க வந்தவர் கொன்ட்ரோல் போர்ட் எரிந்திருக்கிறது, ஹீட்டரிலும் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்றார். அதுவரை சரி. அப்புறம் கிளையிலிருந்து வந்த கடிதம், கரண்ட் ஏறி இறங்குவதும் கிணற்றுத் தண்ணீரும்தான் காரணம், ஆகவே உத்தரவாதம் செல்லாது என்கிறது. இதை நான் ஏற்கவில்லை.

இதே கரண்டிலும் இதே தண்ணீரிலும் இதற்கு முன் ஒரு மெசின் ஓடியது. தொண்ணூறுகளில் செய்தது, ஜெர்மனியில் இருக்கும் அண்ணன் வீடு மாறும்போது கப்பலில் அனுப்பியது. குமிழைத் திருகினால் உள்ளே ஒரு சின்ன மோட்டார் சக்கரத்தை மெல்ல நகர்த்தும், அதற்கு மூளை அவ்வளவுதான். கரண்ட் போனால் நின்ற இடத்தில் நிற்கும், வந்ததும் அங்கிருந்தே தொடரும். தண்ணீர் வெளியேற்றும் பம்ப் போனபோதும் கதவு ரப்பர் தேய்ந்தபோதும் டவுனில் மோட்டார் திருத்துபவரே மாற்றித் தந்தார். கடைசியில் அடித்தகடு துருப்பிடித்து ஒழுகியதால்தான் கைவிட்டோம். கடற்காற்றுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பழையதுதான் எல்லாவற்றிலும் மேல் என்று சொல்லவரவில்லை. உங்கள் மெசின் ஒரு தடவைக்கு பத்துப் பன்னிரண்டு லீற்றர் தண்ணீரோடு முடித்துவிடுகிறது. பழையது அதைப்போல் இரண்டு மடங்கு குடிக்கும், வீடே அதிர இரையும். ஆனால் உங்களுடையது தண்ணீரையும் சூட்டையும் மிச்சம்பிடிக்க, ஈகோ முறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. மீன்கறிச் சட்டியில் தேங்காய்ப்பால் பிசுக்கும் மிஞ்சுகிறது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் விடயம் வேறு. கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மணல் தரை. கிணற்று நீர் எப்படி என்று இங்கே எந்த வீட்டுக் கேத்தலைத் திறந்து பார்த்தாலும் தெரியும், உங்கள் கிளைக்கும் தெரியும். அதற்காகத்தான் மெசினுக்குள்ளேயே நீரை மென்மையாக்கும் பகுதி இருக்கிறது. பொருத்துபவர் நீரின் கடினத்தன்மையைச் சோதித்து அதை அமைக்கவேண்டும் என்று உங்கள் கையேடே சொல்கிறது. வந்தவர் குழாயைப் பூட்டினார், ஒருமுறை ஓடவிட்டார், போய்விட்டார். நீரை மென்மையாக்கும் அந்தப் பகுதிக்குப் போடவேண்டிய தனி உப்பு கிளையில் கிடையாது. எங்கே வாங்கலாம் என்று கேட்டதற்கு, "வீட்டு உப்பைப் போடுங்க, ஒண்டும் ஆகாது" என்று பதில். அயடீன் சேர்த்த சமையல் உப்பைப் போடவே கூடாது என்கிறது கையேடு. இன்றும் அண்ணன் அனுப்பும் பெட்டியில் சொக்லேட்டோடு உப்புப் பொதியும் வருகிறது.

கரண்டுக்கு வருவோம். கையேட்டில் 220–240 வோல்ட் என்று போட்டிருக்கிறது. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், அது ஏறி இறங்குவது ஊரறிந்தது. ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் உத்தரவாதம் இல்லை என்று விற்கும்போது யாரும் சொல்லவில்லை. உத்தரவாத அட்டையிலும் இல்லை. பழுதான பிறகுதான் அந்தச் சொல்லையே கேள்விப்படுகிறேன்.

பழையதில் ஹீட்டர் தனியாக இருந்தது. உங்களுடையதில் ஹீட்டரும் பம்பும் ஒரே கட்டு, ஆகவே சேர்த்தே மாற்றவேண்டுமாம். போர்டோடு சேர்த்து நீங்கள் கேட்கும் தொகை மெசின் விலையில் பாதிக்கு மேல். போர்ட் எப்போது வரும் என்பதும் தெரியாதாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பின்னும் குறைந்தது 7 வருடங்களுக்கு பம்ப், ஹீட்டர் போன்றவற்றைத் திருத்துநர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். கதவு ரப்பர், கூடை என்றால் 10 வருடங்கள். அங்கே விற்கும் அதே மாடலை இங்கே விற்றுவிட்டு, பாகம் வருமோ தெரியாது என்பது எந்த நியாயம்?

போர்டையும் ஹீட்டர் கட்டையும் உங்கள் செலவில் மாற்றி, நீரைச் சோதித்து அமைத்துத் தாருங்கள். இந்த மாடலுக்கு எத்தனை வருடங்கள் உதிரிப்பாகம் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் தாருங்கள். இரண்டு வாரங்களுக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மட்டக்களப்புக் கிளை வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கிளையின் கடிதம் (பிரதிகள்)