காதின் கூலி: கோவை நண்பனுக்கு ஒரு கடிதம்

சாலிகிராமம், சென்னை-93
ஆடி 25

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரமே வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, அவர்கள் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மீண்டும் நாளிதழ் படிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அறிந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே மூத்தவள் பத்தாம் வகுப்பு. வீடு முழுவதும் அவளுடைய கால அட்டவணைப்படிதான் நடக்கிறது. நீ பதினெட்டு ஆண்டுகள் பார்த்த ஸ்டுடியோ ஒலிப்பதிவு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறாய் என்ற செய்தியைத்தான் நான் இரண்டு மூன்று முறை படித்தேன். "ஒரு பாட்டு மிக்சிங்குக்கு எவ்வளவு கேட்கலாம்?" என்று கேட்டிருந்தாய். தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாட்டாகக் கலக்கும் அந்த வேலைக்கு ஒரு தொகையை மட்டும் எழுதி அனுப்பினால் அது என் வீட்டுக்குப் பொருந்தும் தொகையாக இருக்குமே தவிர, உன் வீட்டுக்குப் பொருந்தாது. அதனால்தான் இந்தக் கடிதம் நீள்கிறது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் வேலையை விட்டபோது, வடபழனியிலும் விருகம்பாக்கத்திலும் இருந்த மூன்று நண்பர்களிடம் அவர்கள் வாங்கும் தொகையைக் கேட்டு, அதில் ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொன்னேன். வேலை வந்தது, மாதக் கடைசியில் பணம் மட்டும் நிற்கவில்லை. பிறகுதான் விளங்கியது: அவர்களில் ஒருவர் சொந்த வீட்டு மாடியில் வேலை செய்கிறார், இன்னொருவருடைய மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, மூன்றாமவர் இசையமைப்பாளர் ஒருவரிடம் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இரவில் மட்டும் வெளி வேலை எடுப்பவர். அவர்களுடைய தொகை அவர்களுடைய குடும்பக் கணக்கிலிருந்து பிறந்தது. நான் அதை இரவல் வாங்கி, அதிலும் ஆயிரத்தைக் கழித்து, அதைத் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நீ முதலில் செய்ய வேண்டியது, ஒரு தாளை எடுத்து மாதச் செலவை மறைக்காமல் எழுதுவது. உனக்கு விளங்குவதற்காக, நான் ஒழுங்காகக் கணக்கெழுதத் தொடங்கிய ஆண்டின் தொகைகளையே சொல்கிறேன். வீட்டுச் செலவு வாடகையோடு 38,000 ரூபாய். வேலை செய்யும் அறைக்கு வாடகை 14,000. ஏசியோடு மின்கட்டணம் 4,500. பிளகின் (ஒலி மென்பொருளோடு சேர்க்கும் துணைக்கருவி) சந்தா, இணையம், பிரதி எடுத்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து 4,500. மருத்துவக் காப்பீடும் போக்குவரத்தும் 5,000. இவற்றோடு, நம்மில் பலர் எழுத மறக்கும் செலவு ஒன்று உண்டு. என்னிடம் அப்போது இருந்த மைக், மானிட்டர் ஸ்பீக்கர், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், கணினி, யூபிஎஸ் எல்லாவற்றின் விலையும் 5,40,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் அவற்றை மாற்றியாக வேண்டும் என்று கொண்டால் மாதம் 9,000 ரூபாய் தேய்ந்துகொண்டே இருக்கிறது. ஆக மொத்தம் 75,000 ரூபாய்.

இதை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மாதம் இருபத்தைந்து நாள், நாளுக்கு எட்டு மணி, ஆகவே இருநூறு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 375 ரூபாய் போதும் என்று விடை வரும். அந்த விடையை நம்பி நான் இரண்டு ஆண்டுகளை இழந்தேன். இருபத்தைந்து நாளில் கூலி கிடைக்கும் வேலை நடப்பது பதினான்கு நாள்தான். மிச்ச நாள்கள் பேச்சுவார்த்தைக்கும், கொட்டேஷன் எழுதுவதற்கும், பாக்கி கேட்டு அலைவதற்கும், பழுது பார்ப்பதற்கும் போய்விடும். அந்தப் பதினான்கு நாளிலும் ஸ்பீக்கர் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் உட்கார முடியுமே தவிர, பன்னிரண்டு மணி நேரம் கேட்க முடியாது. ஐந்து மணி நேரம் கடந்தால் மேல் அலைவரிசைகள் மங்கிவிட்டதாகத் தோன்றி, கை தானாக அங்கே கூட்டத் தொடங்கும். மறுநாள் காலையில் போட்டுக் கேட்டால் பாடகியின் ஒவ்வொரு சகரமும் ஊசியாகக் குத்தும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் வரம்பு வைத்திருக்கிறது. 88 டெசிபலில் நான்கு மணி, 91 டெசிபலில் இரண்டே மணி. இயக்குநர் பின்னால் உட்கார்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க" என்று கேட்கும் இரவுகளில் நாம் எந்த வரம்பில் இருந்திருப்போம் என்று நினைத்துப் பார். ஸ்பீக்கர் போனால் வேறு வாங்கலாம்; காதுக்குள் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் போனால் முளைப்பதில்லை.

பதினான்கு நாளை ஐந்து மணியால் பெருக்கினால் எழுபது மணி நேரம். 75,000 ரூபாயை எழுபதால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 1,070 ரூபாய். வேலை வராத மாதங்களுக்காக அதில் கால் பங்கு சேர்த்து 1,350 என்று வைத்துக்கொண்டேன். இந்த ஆடி மாதத்தையே பார். கல்யாண வீடியோ வேலை அடியோடு நின்றுவிட்டது. சேர்த்து வைத்த கால் பங்குதான் இப்போது வாடகை கட்டுகிறது. ஒரு பாட்டுக்குச் சுத்தம் செய்வது, எடிட், மிக்சிங், மறுநாள் காலையில் ஓய்வெடுத்த காதோடு ஒரு முறை கேட்பது, திருத்தம் எல்லாம் சேர்த்து எனக்குப் பத்து மணி நேரம் ஆகும். எனவே அந்த ஆண்டில் என் தொகை 13,500 ரூபாய். கோவையில் அறை வாடகை குறைவாக இருக்கலாம், அம்மாவின் மருந்துச் செலவு கூடுதலாக இருக்கலாம். உன் தாளில் வரும் விடை வேறாகத்தான் இருக்கும், அதுவே உன் தொகை.

அந்தத் தொகையைச் சொன்னதும் "பட்ஜெட் அவ்வளவு இல்லை" என்று ஒருவர் சொல்வார். பல நேரங்களில் அது உண்மையாகவே இருக்கும். அப்போது மணிக்கான தொகையில் கை வைக்காதே. வேலையின் அளவைக் குறைத்துக் கொடு. சுருதித் திருத்தத்தை அவர்களே முடித்துத் தரட்டும், தனித்தனியாகப் பதிவான அறுபது டிராக்கைப் பன்னிரண்டு குழுவாகச் சேர்த்து அனுப்பட்டும், திருத்தம் ஒரு முறை மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்றால், ஆறு மணி நேர வேலைக்கு 8,100 ரூபாய் என்று அவர்கள் கைக்கு எட்டும் தொகை கிடைத்துவிடும். அவர்களுக்கும் மதிப்புக் குறையவில்லை, உனக்கும் நட்டமில்லை. காரணமே சொல்லாமல் 13,500 என்பதை 8,000 ஆக்கினால், முதலில் சொன்ன தொகை பொய் என்று அவர்கள் நினைப்பதில் தவறே இல்லை.

திருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். என் பணத்தில் பெரும் பங்கு அந்த ஓட்டை வழியாகத்தான் ஒழுகியது. சில ஆண்டுகளுக்கு முன் எட்டுப் பாடல் கொண்ட பக்தி ஆல்பம் ஒன்றை மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டேன். எத்தனை முறை திருத்தம் என்று எழுதிக்கொள்ளவில்லை. யார் சொல்வது முடிவு என்றும் கேட்டுக்கொள்ளவில்லை. தயாரிப்பாளர், பாடியவர், தயாரிப்பாளரின் மைத்துனர் மூவரும் தனித்தனியே வாட்சப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள். ஒருவர் மிருதங்கம் கேட்கவில்லை என்பார், இன்னொருவர் மிருதங்கம் அடித்துத் தள்ளுகிறது என்பார். மூவரும் கேட்டது கைப்பேசி ஸ்பீக்கரில். நான்கு மாதம் ஓடியது. கடைசியில் முழுத்தர வேவ் கோப்புகளை நம்பி அனுப்பிவிட்டேன். பாக்கித் தொகை இன்றுவரை வரவில்லை. அவர்களை நான் தீயவர்கள் என்று சொல்ல மாட்டேன். வேலி போடாத நிலத்தில் மாடு மேய்ந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு எந்த வேலையாக இருந்தாலும் அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பி, "சம்மதம்" என்ற பதில் வந்த பின்தான் செஷனைத் திறக்கிறேன். பாதித் தொகை அட்வான்ஸ். இரண்டு முறை திருத்தம் தொகைக்குள் அடக்கம். மூன்றாம் முறையிலிருந்து மணிக்கணக்கு. திருத்தங்களை ஒருவரே, ஒரே பட்டியலாக, எந்த நிமிடம் எந்த நொடி என்று குறித்து அனுப்ப வேண்டும். பாக்கி வரும்வரை கேட்டுப் பார்ப்பதற்கு எம்பி3 மட்டும். வேவ் கோப்பு பணம் வந்த அன்றே போய்விடும். ஸ்டெம்கள், அதாவது குரல், தாளம் என்று தொகுதி தொகுதியாகப் பிரித்த கோப்புகள், வேண்டுமென்றால் அதற்குத் தனித் தொகை. முதலில் இதை அனுப்பக் கூச்சமாக இருந்தது, ஏதோ நம்பிக்கையில்லாதவன் போல நடந்துகொள்கிறோமே என்று. ஆனால் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை; சிலர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

பேச்சு சார்ந்த வேலைகளுக்கு, அதாவது பாட்காஸ்ட், ஒலிப்புத்தகம், பயிற்சி வீடியோ போன்றவற்றுக்கு, வேலை முடிந்து வெளிவரும் பதிவு எத்தனை நிமிடமோ அந்தக் கணக்கில் தொகை சொல்வது நல்லது. ஒரு மணி நேரப் பேச்சைச் சுத்தம் செய்ய எனக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கிறது என்பதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்கிறேன். தொகை சொல்வதற்கு முன் இரண்டு நிமிட மாதிரிப் பதிவை வாங்கிக் கேள். ஆடிபிள் என்ற விற்பனைத் தளத்துக்கு ஒலிப்புத்தகம் அனுப்பும் ஏசிஎக்ஸ் தளத்தின் விதிப்படி, பேசாத இடத்தில் இருக்கும் இரைச்சல் -60 டெசிபலுக்கு (பதிவின் உச்ச அளவைப் பூச்சியமாக வைத்துக் கீழ்நோக்கி எண்ணும் கணக்கு இது) கீழே இருக்க வேண்டும். மின்விசிறி ஓடும் அறையில் படித்தவருடைய குரலை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு மடங்கு வேலையை மூன்று மடங்காக்கிவிடும்.

இனி ஆள் தேடுவது. விளம்பரத்தால் எனக்கு நல்ல வாடிக்கையாளர் கிடைத்ததே இல்லை. என் வேலையில் பாதிக்கு மேல் வீடியோ எடிட்டர்கள் வழியாக வந்தது. ஒலி கெட்டுப்போயிருப்பதை முதலில் அறிபவர் எடிட்டர்தான். காட்சியை அடுக்கிக்கொண்டே வரும்போது வசனம் கேட்காமல் போனால் அந்த வேதனையை முதலில் அனுபவிப்பவர் அவர். அவருடைய ஒரு காட்சியைச் சரி செய்து கொடுத்துவிட்டால் அடுத்த படத்துக்கு அவரே உன்னை அழைப்பார். கோவையில் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பம்பு, மோட்டார் செய்கிற தொழிற்சாலைகளும் ஏராளமாக இருக்கின்றன; அவற்றுக்குப் பயிற்சி வீடியோவும் விளம்பரப் படமும் எடுத்துத் தரும் எடிட்டர்களை நேரில் போய்ப் பார். திரைப்பட வேலைதான் வேலை என்று தரமணித் திரைப்படக் கல்லூரியில் படித்த நாளிலிருந்து நமக்குள் ஊறிய எண்ணத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வை. கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து தமிழ்ப் பாடகர்கள் எனக்கு இணையம் வழியாகவே பாடல் அனுப்புகிறார்கள். நேர வித்தியாசம் ஒன்றுதான் தொல்லை, பணம் சொன்ன நாளில் வந்துவிடுகிறது.

அழைப்பு வந்ததும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். முடிவு சொல்பவர் யார், எங்கே வெளியாகப் போகிறது, எந்தத் தேதி. யூடியூபா, ஓடிடியா, திரையரங்கா என்பதைப் பொறுத்து ஒலி அளவே மாறுகிறது. யூடியூப் ஏறத்தாழ -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சராசரி அளவு) அளவில் ஒலியைச் சமன் செய்கிறது, நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை -27 அளவில் கேட்கிறது. இந்த எண்கள் வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கே வெளியிடப் போகிறோம் என்று யோசித்து வைத்திருப்பவர், தன் வேலையை நேசிக்கிறவர். அவரிடம் பணம் குறைவாக இருந்தாலும் வேலை செய்யலாம். "சின்ன வேலைதான், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று அழைத்தவரே நேரத்தைச் சொல்லிவிட்டால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வணக்கம் சொல்லி விலகிவிடு.

பணம் தாமதமாவதைப் பற்றி நீ கவலைப்பட்டிருந்தாய். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம்; முதல் வேலையாக அதைச் செய்துகொள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் உனக்குப் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க உனக்கு உரிமை உண்டு. நான் வட்டி கேட்டதில்லை. ஆனால் பில்லின் அடியில் பதிவு எண்ணும் 45 நாள் என்ற வரியும் ஏறிய பிறகு, நிறுவனங்களின் கணக்குப் பிரிவு என் பில்லைத் தள்ளிப்போடுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. நிறுவனங்கள் பணம் தரும்போதே வரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ் தொகையை நட்டமாக எழுதாதே. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அது உன் வரியில் கழியும், மிஞ்சினால் திரும்பி வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்றாலும், வெளி மாநிலம், வெளிநாடு என்று வேலை விரியும்போது ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடு.

மார்கழியில் மயிலாப்பூரில் ஐந்து நாள் கச்சேரிப் பதிவு ஒன்றை ஏற்றிருக்கிறேன். பல டிராக்குகளில் பதிவு. மேடைக்கு ஒருவர், பதிவு மேசைக்கு ஒருவர் வேண்டும். மேடையில் மைக் வைப்பதற்கு உன்னைவிட நிதானமான கையை நான் பார்த்ததில்லை. வாயில் எதுவும் பேசிக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன தாளை எழுதி முடித்து, போக்குவரத்து, தங்கும் செலவு எல்லாம் சேர்த்து, உன் முதல் கொட்டேஷனை எனக்கு அனுப்பு. நண்பன் என்று நினைத்துக் குறைத்து எழுதியிருந்தால் கணக்கைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவேன். சரியாக இருந்தால் அன்றைக்கே பாதித் தொகை உன் கணக்குக்கு வரும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் தரமணித் தோழன்